ஆறாம் நம்பர் சிப்பி

எட்டும் திறந்துதான் இருந்தன. அதுதான் கோகிலவாணிக்குப் பிடிக்கவில்லை. பிடித்திருக்க வேண்டும், சந்தோஷமாகப் பையை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். நாவல்துறை நீரேற்று நிலையத்தில் ஆற்றுச் சிப்பிகளைக் காவலுக்கு வைத்தவளே அவள்தான். சிப்பி வாய் திறந்திருந்தால் வருகிற காவிரித் தண்ணீர் நல்ல தண்ணீர், எட்டில் ஐந்து சேர்ந்தாற்போல வாயை மூடிக்கொண்டால் தண்ணீரில் ஏதோ வந்திருக்கிறது, குரோமியமோ காட்மியமோ ஈயமோ, கண்ணுக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் பிடிபடாத ஏதோ ஒன்று, உடனே கூரைமேல் சங்கு ஊதும், மோட்டார் தானாக நின்றுவிடும் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறிப் படம் போட்டுக் காட்டியவளும் அவள்தான். இப்போது தோள் பையைக்கூடக் கழற்றாமல் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, திரையில் ஓடுகிற எட்டுக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு மேலே ஓடினால் சிப்பி திறந்திருக்கிறது, கீழே விழுந்தால் மூடியிருக்கிறது. எட்டும் மேலே. எட்டும் நேராக. ஸ்கேல் வைத்துப் போட்டாலொழிய இத்தனை நேராக ஒரு கோடு வராது. உயிருள்ள சிப்பியா இப்படி இருக்கும்? வாயைத் திறந்து ஆற்றை வடிகட்டித் தின்றுகொண்டிருக்கும்போதே அது அவ்வப்போது ஒரு சிமிட்டு சிமிட்டும், கோட்டில் சின்னதாக ஒரு பள்ளம் விழும். ஆறாம் நம்பருக்கு அந்தப் பழக்கம் ரொம்ப அதிகம். ஆஸ்துமாக்காரர் இருமுகிற மாதிரி விட்டு விட்டுச் சிமிட்டிக்கொண்டே இருக்கும், அதனால் மோட்டார் ஓட்டுகிற செங்கோடன் அதற்குத் தன் மாமனார் பேரையே வைத்திருந்தார். மாமனார் இன்று இருமவில்லை. செத்த சிப்பியும் திறந்துதான் இருக்கும், அதை நினைக்காமல் இருக்கத்தான் அவள் இவ்வளவையும் நினைத்துக்கொண்டிருந்தாள். இழுத்துப் பிடிக்கிற தசை விட்டுப்போனால் ஓடு தானாகப் பிளந்துகொள்ளும், அப்புறம் மூடவே மூடாது. அப்போதும் திரையில் எட்டு நேர்கோடுகள்தான் ஓடும். நல்ல தண்ணீர், நல்ல தண்ணீர் என்று நாள் பூராவும் சொல்லிக்கொண்டே இருக்கும். அவள் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

“என்னுங்க மேடம், வந்ததும் வராததுமா அதையவே மொறச்சுப் பாத்துட்டு இருக்கறீங்க? எல்லாந் தொறந்துதானுங்க கெடக்குது” என்றார் செங்கோடன். அவள் இங்கே வருவதற்கு முன்பிருந்தே இந்த நிலையத்தில் இருப்பவர், எதற்கும் பதறாதவர், யாராவது பதறினால் டீ வாங்கித் தருபவர். இன்றும் தூக்குப்போசியில் டீ வந்திருந்தது. “விடியக் கரண்டு வந்ததும் மொதல்ல மோட்டாரப் போட்டுட்டு, அப்பறந்தானுங்க உங்க பெட்டியப் போட்டேன். ஊருக்குள்ள ரெண்டு நாளா ஒரு சொட்டுத் தண்ணியில்லீங்க. நோம்பியும் அதுவுமா ஊடு ஊடுக்கு ஒறம்பரை சனம் வந்து குந்தியிருக்குது, கொடத்த வெச்சுக்கிட்டு அத்தன பேருந் தெருவுல நிக்கறாங்க. டேங்கு நெறஞ்சா மாரப்பன் தொறந்து உட்டுருவான்.” மாரப்பன் மேல்நிலைத் தொட்டியின் வால்வைத் திறக்கிறவன். செங்கோடன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. புயல் என்று பேர்கூட வைக்காத ஒரு காற்று, மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு ஊரே தோரணம் கட்டி நிற்கிற நேரமாகப் பார்த்து வந்து, மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. மோட்டார் நின்றது. ஆற்றுத் தண்ணீரை இழுக்கிற பெரிய குழாயிலிருந்துதான் சிப்பிப் பெட்டிக்கு ஒரு சின்னக் குழாய் பிரிகிறது என்பதால், பெட்டிக்குள் ஓடுகிற தண்ணீரும் நின்றது. பெட்டிக்கென்று இருந்த பாட்டரி? “அது மொத நா ராத்திரியே செத்துப்போச்சுங்க” என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே. அந்தச் சொல்லை அவர் வேறு எதற்காவது வைத்துக்கொண்டிருக்கலாம். இரண்டு நாள் ஓடாத தண்ணீர், காற்றுக்குமிழி விடும் எந்திரமும் ஓடவில்லை, மூடிய கறுப்புப் பெட்டிக்குள் எட்டு உயிர்கள். வந்து பார்த்திருக்கலாம். பாதையெல்லாம் மரம் விழுந்து கிடந்தது, அதெல்லாம் சரி, வண்டியை ஒரு ஓரமாகப் போட்டுவிட்டு நடந்தாவது வந்திருக்கலாம். வீட்டில் விருந்தாளிகளுக்கு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். மாவு பிசையும்போது ஒரு தரம் சிப்பி ஞாபகம் வந்தது, நிஜமாகவே வந்தது, அப்புறம் யாரோ எண்ணெய் காய்ந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள்.

திறந்து பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். மூடியைத் தூக்கினால் போதும். ஆனால் அந்த மூடியைத் தூக்கக் கூடாது என்று சட்டம் போட்டவள் யார்? சிப்பிகளுக்கு வெளிச்சம் ஆகாது, நிழல் ஆகாது, ஆட்டம் ஆகாது, ஒரு கை மேலே போனாலே கொக்கு வந்துவிட்டதென்று அத்தனையும் மூடிக்கொள்ளும். மூடினால் சங்கு. சங்கு ஊதினால் மோட்டார் நிற்கும், மாரப்பன் வால்வைத் தொடக் கூடாது, தொட்டியில் ஏறியிருக்கிற தண்ணீரையெல்லாம் அடியிலுள்ள குழாயைத் திறந்து ஓடையில் விட்டுவிட வேண்டும். மறுபடி மோட்டாரைப் போட வேண்டுமென்றால் ஈரோட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து தண்ணீர் சுத்தம் என்று முடிவு வர வேண்டும், பொறியாளர் சாவியோடு வர வேண்டும், அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நோம்பி நாளில் ஊர் பூராவும் காய்ந்து கிடக்கும். இந்தச் சட்டம் அத்தனையும் அவள் வாயிலிருந்து வந்ததுதான். ஒயரைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்தால் சங்கு ஊதாதே என்று மனசு குறுக்கே புகுந்தது. கழற்றலாம், அந்த இணைப்புப் பெட்டிக்கு ஒரு பூட்டு இருக்கிறது, பூட்டின் சாவி ஈரோட்டில் பொறியாளர் மேசைக்குள் இருக்கிறது. முன்பு இங்கே வேலை பார்த்த ஒருவன் கல்யாண முகூர்த்த நாளில் தொல்லை வேண்டாமென்று ஒயரைப் பிடுங்கி வைத்திருந்ததைக் கண்டுபிடித்து, ஆடி ஆர்ப்பாட்டம் பண்ணி, பூட்டுப் போடு, சாவியை எங்கள் யாரிடமும் கொடுக்காதே என்று எழுதிக் கொடுத்தவளும் இதே மகராசிதான். தன் கையைத் தானே கட்டிக்கொண்டு முடிச்சு நன்றாக விழுந்திருக்கிறது என்று பெருமைப்பட்டவள். சரி, சிப்பி செத்திருக்காது, காந்தம் விழுந்திருக்கும். ஒவ்வொரு சிப்பியின் ஒரு ஓட்டைப் பலகையில் ஒட்டி, இன்னொரு ஓட்டின் மேல் அரிசி மாதிரி ஒரு காந்தம் ஒட்டியிருக்கிறது, அது ஏறி இறங்குவதைத்தான் கருவி கோடாகப் போடுகிறது. காந்தம் விழுந்தாலும் கோடு நேராகத்தான் ஓடும். ஆனால் எட்டுக் காந்தமும் சொல்லி வைத்தாற்போலவா விழும்? அப்படியானால் அசதி. இரண்டு நாள் மூச்சு முட்டி இப்போதுதான் தண்ணீரைப் பார்த்திருக்கின்றன, அசந்து கிடக்கின்றன. அசந்து கிடப்பதற்கும் செத்துக் கிடப்பதற்கும் திரையில் என்ன வித்தியாசம்? ஒன்றும் இல்லை. ஆறாம் நம்பர் ஒரு தடவை சிமிட்டினால் போதும், ஒரே ஒரு தடவை. அவள் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள். மறுபடியும் ஆரம்பித்த இடத்துக்கே வந்திருந்தாள்.

போன் அடித்தது. மாமியார். “கண்ணு, தண்ணி எப்பங் கண்ணு வரும்? இங்க மாவெளக்குக்கு அரிசி ஊறப் போடறதுக்குக்கூட இல்ல. பரிமளா வேற கொழந்த பாட்டலக் கழுவோணும், பால் கலக்கோணும்னு நிக்கறா.” பரிமளா நாத்தனார், பிறந்து நாற்பது நாள் கழிந்த கையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நோம்பிக்கு வந்திருக்கிறாள், பால் போதவில்லை என்று புட்டிப்பால். “வருமுங்க அத்தை, டேங்கு ஏறிட்டு இருக்குது” என்றாள் கோகிலவாணி. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. “நீ அங்கிருக்கறப்ப எங்களுக்கென்ன. மழத்தண்ணி கலங்கலா வந்தாலும் நா நல்லாத் தளதளன்னு கொதிக்க வெச்சுருவேன், ஒண்ணும் பயமில்ல” என்றாள் மாமியார், சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கொதிக்க வைத்தால் கிருமி போகும். இது போகாது. காட்மியத்தைக் கொதிக்க வைத்தால் காட்மியம் என்ன ஓடியா போகும், தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அது இருந்த இடத்தில் இன்னும் கெட்டியாக இருக்கும். அத்தை எத்தனை அக்கறையாகக் கொதிக்க வைக்கிறாளோ அத்தனைக்கு அத்தனை. அந்தக் குழந்தையின் கை விரல் நேற்று அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சிறுநீரகம் என்று ஒன்று அதற்கு எத்தனை பெரிதாக இருக்கும், ஒரு அவரைக்கொட்டை அளவு இருக்குமா? நேற்றுப் பகல் முழுக்கப் பரிமளா அதைத் தூங்கவே விடவில்லை. தூங்குகிற பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பது, சந்தேகம் வந்து கன்னத்தைத் தட்டுவது, அது பதறி வீரிட்டு அழுவது. மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாளாம். “தூங்கற புள்ளையத் தொட்டு எழுப்புவாங்களா, உனக்குப் புத்தி இருக்குதா?” என்று அத்தை வைதாள். கோகிலவாணியும் சேர்ந்து வைதாள், பெரிய மனுஷி மாதிரி. பரிமளா கண் கலங்கிக்கொண்டு, “தொட்டாத்தானே அண்ணி தெரியும்” என்றாள். அப்போது அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

ஆற்றின் மேல்போக்கில், கரையோரம் பத்துப் பன்னிரண்டு முலாம் பூசும் பட்டறைகள் இருக்கின்றன, எல்லாருக்கும் தெரியும். பெயர்ப்பலகை கிடையாது, தகரக் கொட்டகைதான். மழைக்காகவே காத்திருப்பார்கள். ஆறு கலங்கி, கரண்டும் போய், ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருக்கிற நேரத்தில் தொட்டித் தொட்டியாய்த் தேங்கியிருக்கிற அமிலத் தண்ணீரைத் திறந்துவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்? இந்த இரண்டு நாளைவிட நல்ல நேரம் அவர்களுக்கு எப்போது வரும்? திறந்துவிட்டிருந்தால் அது இந்நேரம் கடந்து போயிருக்கலாம், இப்போது கடந்துகொண்டிருக்கலாம், இன்னும் மடுவில் தேங்கி நின்று மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டும் இருக்கலாம். திறக்காமலும் இருந்திருக்கலாம், அவர்கள் வீட்டிலும் நோம்பிதானே. இதைப் பார்த்துச் சொல்லத்தான் சிப்பி. அந்தச் சிப்பி செத்திருந்தால் காவல் இல்லை. காவல் இல்லாததுகூடப் பரவாயில்லை, காவல் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு இருப்பதுதான் அவளை அரித்தது. மேசைமேல் சோதனைப்பெட்டி ஒன்று இருக்கிறது, சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறும். இரும்பைச் சொல்லும், ஃப்ளோரைடைச் சொல்லும், உப்பைச் சொல்லும். அவளுக்கு வேண்டியதைச் சொல்லாது. வந்த உடனே ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஈரோட்டுக்குப் போகிற பால் வண்டியில் கொடுத்தனுப்பியாயிற்று, அதன் முடிவும் சாயங்காலம்தான். எல்லா முடிவும் சாயங்காலம்தான் வரும். குழந்தை அதுவரைக்கும் பால் குடிக்காமல் இருக்குமா? அவள் எழுந்து போய்ப் பெட்டியின் அருகில் நின்று மூடியின் இடுக்கில் மூக்கை வைத்தாள். சேறு, பாசி, கொஞ்சம் மீன். செத்த நாற்றமா? செத்த நாற்றத்துக்கு இரண்டு நாள் போதுமா? ஆற்றில் இந்தச் சிப்பிகளைப் பொறுக்கும்போதும் இதே வாடைதான். சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு மடுவின் ஓரத்தில் இறங்கி, கைக்கு வேலையே இல்லை, பாதத்தால் துழாவ வேண்டும், சேற்றுக்குள் ஒரு விளிம்பு வழுக்கையாக உள்ளங்காலில் தட்டும். ஆறாம் நம்பர் அப்படித்தான் தட்டியது, குதிகாலைக் கீறி ரத்தம் வந்தது. மூன்று மாதம் வேலை பார்த்ததும் ஓட்டில் நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்து எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுவாள், ஒருமுறை உழைத்ததை மறுபடி பிடிக்கக் கூடாதே என்று. இந்த எட்டுக்கும் பொட்டு வைக்க இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. மடுவுக்குத் திரும்பிப் போக வேண்டியவை.

பொறியாளர் ஞானசேகரனைக் கூப்பிட்டாள். பின்னால் யாரோ சிரிப்பதும் மைக்கில் மேளம் கேட்பதும் தெரிந்தது, அவர் ஊரிலும் நோம்பி போலிருக்கிறது. “சார், கோடு ரொம்ப நேரா ஓடுதுங்க சார். ஒரு அசைவுகூட இல்ல. சிப்பி உசுரோட இருக்குதான்னு சந்தேகமா இருக்குது” என்றாள். அவர் மேளச் சத்தத்தைவிட்டுத் தள்ளி வந்தார். “அம்மா, ஆடிப்பெருக்கன்னிக்கு என்னாச்சுன்னு ஞாபகம் இருக்குதுங்களா?” என்றார். இல்லாமல் என்ன. ஊரே படித்துறையில் நிற்கிறது, பெண்கள் காதோலை கருகமணி மஞ்சள் குங்குமம் என்று ஆற்றுக்குப் படைத்துக்கொண்டிருக்கிறார்கள், அந்நேரம் பார்த்து ஐந்து சிப்பிகள் மூடிக்கொண்டு சங்கு ஊதிவிட்டது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லை. முடிவு வந்தபோது எல்லாம் அளவுக்குள்தான் இருந்தது. கரையில் அடித்த மேளத்துக்குப் பயந்தனவா, யாரோ கரைத்த மலிவுக் குங்குமத்தில் ஈயம் இருந்து ஒரு நொடி வந்து போனதா, இன்றைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. கடைக்குப் போனால் ‘சிப்பி டீச்சர் வர்றாங்க, கொடத்த நெரப்பி வைங்க’ என்று காதுபடப் பேசினார்கள். “அன்னிக்குக் கோணலா ஓடுச்சு, தப்புன்னீங்க. இன்னிக்கு நேரா ஓடுது, அதுவுந் தப்புங்கறீங்க. உங்க சிப்பி எப்படித்தானுங்க ஓடோணும்?” என்றார் ஞானசேகரன். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகக் கேட்டார். “மேல இருக்கறவங்க முடிவு பண்ணிட்டாங்கம்மா. இன்னொரு தடவ சும்மாச் சங்கு ஊதுச்சுன்னா அந்தப் பெட்டியவே கழட்டிருவாங்க. நாஞ் சொல்றதச் சொல்லிட்டேன். பெட்டியத் தொறக்கறதும் தொறக்காததும் உங்க இஷ்டம்.” இஷ்டம்! எத்தனை நல்ல சொல். பெட்டியைக் கழற்றிவிட்டால் அப்புறம் பட்டறைக்காரன் பட்டப்பகலில் திறந்துவிட்டாலும் சொல்ல ஆள் இல்லை. திறந்து பார்த்து உயிரோடு இருந்தால் சங்கு ஊதும், பெட்டி போகும். திறந்து பார்த்துச் செத்திருந்தால் சங்கு ஊதாது. அவளாகவே ஓடிப்போய் மோட்டாரை நிறுத்த வேண்டியதுதான். திறக்காமலே விட்டால், எட்டுக் கோடும் நேராக ஓட, ஒரு சண்டையும் இல்லாமல், தண்ணீர் வீட்டுக்கு வீடு போய்ச் சேரும். யாருக்கு எது வந்ததென்று வருஷக்கணக்கில் தெரியாது. தெரியும்போதும் அவளை யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் பயமாக இருந்தது, யாருமே கேட்க மாட்டார்கள் என்பது.

கோடு விழுந்தது. எட்டும் ஒரு குதி குதித்துப் பள்ளத்தில் விழுந்து, சங்கு விழித்துக்கொள்வதற்குள் மேலே வந்தன. “அண்ணா!” என்று கத்தியே விட்டாள், நாற்காலி பின்னால் சாய்ந்தது, “அசைஞ்சுச்சு, பாத்தீங்களா, அசைஞ்சுச்சு!” புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செங்கோடன் டீத் தம்ளரோடு எட்டிப் பார்த்தார், திரையைப் பார்க்கவில்லை, கூரையில் தொங்குகிற குண்டு பல்பைப் பார்த்தார். “லைட்டுந்தானுங்க அசைஞ்சுது. கரண்டு மின்னி மின்னி வருதுங்க, கம்பத்துல இன்னும் வேல நடக்குது” என்றார். ஆமாம். உயிருள்ள எட்டும் ஒரே நொடியில் ஒரே மாதிரி குதிக்காது, படை வீரர்களா அவை? ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தி, மூன்றாவது முந்திரிக்கொட்டை, எட்டாவது சோம்பேறி. வெறும் மின்சாரத்தைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்ட விஞ்ஞானி தான் ஒருத்திதான் என்று நினைத்தாள், சிரிப்பு வரவில்லை. கோடுகள் மறுபடி நேராகிவிட்டன. முன்பைவிட நேராக இருப்பதாகப் பட்டது, அது பிரமைதான், நேருக்கு மேல் ஒரு நேர் கிடையாது. செங்கோடன் நகராமல் நின்றார். “மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. எங்கூட்டுலயும் பேரன் பேத்தியெல்லாம் வந்திருக்குதுங்க. தண்ணி சரியில்லீன்னு உங்களுக்குத் தோணுதுங்களா?” என்றார். “சரியில்லன்னு தோணலீங்கண்ணா. சரியா இருக்குதுன்னும் தெரியல” என்றாள். “அப்படீன்னா?” அவள் பதில் சொல்வதற்குள் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. மாரப்பன். டேங்க் நிறைந்துவிட்டது, தெருவில் கூட்டம் சத்தம் போடுகிறது, திறந்துவிடட்டுமா என்கிறான். செங்கோடன் போனைக் காதில் வைத்தபடி அவளையே பார்த்தார். மோட்டார் தரையெல்லாம் அதிர ஓடிக்கொண்டிருந்தது. “ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லுங்கண்ணா” என்றாள் கோகிலவாணி, சொல்லிக்கொண்டே பெட்டியிடம் நடந்தாள், நடப்பது தான்தானா என்று தெரியாமல் நடந்தாள். தொட்டாத்தானே அண்ணி தெரியும்.

மூடி ஈரமாக இருந்தது. தூக்கினாள். உள்ளே வெளிச்சம் விழுந்தது, அவளுடைய தலையின் நிழலும் சேர்ந்து விழுந்தது. மூடிக்கொள்ள வேண்டும், இப்போது மூடிக்கொள்ள வேண்டும். எட்டும் கறுப்பும் பச்சையுமாகப் பலகையில் வரிசையாக ஒட்டியிருந்தன, எட்டு வாயும் பிளந்திருந்தன, உள்ளே வெளுத்த சதை தெரிந்தது, ஒன்றும் அசையவில்லை. நிழலுக்கு அசையவில்லை. போயிற்று. எல்லாம் போயிற்று, இந்நேரம் மாரப்பன் திறந்திருப்பானோ, அத்தை அடுப்பைப் பற்ற வைத்திருப்பாளோ, கொதிக்க வைப்பாளே, தளதளவென்று கொதிக்க வைப்பாளே. கையைத் தண்ணீருக்குள் விட்டாள், தண்ணீர் குளிர்ந்து ஓடிக்கொண்டிருந்தது, மழைத்தண்ணீர், பாசியும் இலைத்துகளுமாக. ஊது, சங்கே ஊது, பெட்டி போனால் போகட்டும், ஊரே என்னை வையட்டும், ஒரு தடவை ஊது. ஆறாம் நம்பரின் பிளந்த வாய்க்குள் சுண்டுவிரலின் நுனியை வைத்தாள். கடித்தது. நகக்கண்ணோடு சேர்த்துப் பிடித்து நறுக்கென்று கடித்தது, வலி முழங்கைவரைக்கும் ஏறியது. அம்மா என்று வாய்விட்டு அழுதாள். மாமனார் உயிரோடு இருக்கிறார். அவர் இருந்தால் எட்டும் இருக்கும். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, பசி. இரண்டு நாளாகத் தீனி இல்லை, ஆறு வந்ததும் கதவைச் சிமிட்டக்கூட மனசில்லாமல் வாயை அகலத் திறந்து வைத்துத் தின்றுகொண்டிருந்திருக்கின்றன. நிழல் விழுந்தால் என்ன, கொக்கு வந்தால் என்ன என்று தின்றுகொண்டிருந்திருக்கின்றன. தண்ணீர் நல்ல தண்ணீர். இவற்றின் வயிற்றுக்குள் போய்க்கொண்டே இருக்கிற நல்ல தண்ணீர். விரலை மெல்ல உருவினாள், மூடியை மெல்லச் சாத்தினால் போதும், ஒன்றுதானே மூடியிருக்கிறது, ஒன்றுக்குச் சங்கு ஊதாது. உருவும்போது தண்ணீர் சலசலத்தது. மூன்றாவது மூடிக்கொண்டது, முந்திரிக்கொட்டை. வேண்டாம். முதலாவது மூடிக்கொண்டது. “போதும், போதும், சாமி, தெரிஞ்சுபோச்சு, போதும்” என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினாள். நாலாவது மூடியது. எட்டாவது, சோம்பேறி எட்டாவது, யோசித்து யோசித்து, கடைசியில் அதுவும் மூடிக்கொண்டது. ஐந்து ஆயிற்று, மிச்சம் மூன்றும் பின்னாலேயே மூடின.

சங்கு ஊதியது. கூரைமேலிருந்து ஆற்றுக்கும் ஊருக்கும் தோரணம் கட்டிய தெருக்களுக்கும் கேட்கிற மாதிரி ஊதியது. மோட்டார் ஒரு முனகல் முனகி நின்றது. செங்கோடன் போனைக் காதோடு வைத்தபடியே, “மாரப்பா, தொறக்காதே! அடிக்கொழாயத் தொறந்து உட்ரு. ஆமா, அல்லாத்தையுந்தான். நீ சொல்றது எனக்குந் தெரியுது, தொறந்து உட்ரு” என்று கத்தினார். கத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் ஈரக் கையோடு, மூக்கு வழிய, விரலில் ரத்தம் பொட்டாகத் துளிர்க்க, சிரித்துக்கொண்டு நின்றாள். “உசுரோட இருக்குதுங்கண்ணா. எட்டும் உசுரோட இருக்குது” என்றாள். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவளிடம் கொடுத்தார், விரலைச் சுற்றிக்கொள்ள. தூரத்தில் தொட்டித் தண்ணீர் ஓடையில் விழுகிற இரைச்சல் கேட்டது, ஊர் முழுக்கக் குடிக்க வேண்டிய தண்ணீர், மண்ணோடு மண்ணாகப் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் முடிவு வரும், எல்லாம் அளவுக்குள் என்று வரும். நாளைக்கு ஆள் வந்து பெட்டியைக் கழற்றுவான். மோட்டார் நின்றதில் ஆறு ஓடுகிற சத்தம் கிட்டத்தில் கேட்டது. போன் அடித்தது, அத்தைதான். “கண்ணு, சங்கு ஊதுது? தண்ணியில என்னாச்சு? கெட்டுப் போச்சா?”

“இல்லீங்க அத்தை” என்றாள் கோகிலவாணி. “நல்ல தண்ணிதானுங்க. ஆனா இன்னிக்கு வராது.”